பத்து மாதக் குழந்தையோடு கப்பலில் நான்கு இரவு

கேள்வி: தேவகோட்டை வாசகி, 12 ஜனவரி 2025

குழந்தைக்கு இப்போது நான்கு மாதம். நாத்தனார் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து பினாங்கு போய்வரும் உல்லாசக் கப்பலில் போகலாம் என்று கூப்பிடுகிறார். எங்கள் ஆயா (பாட்டி), பச்சைப் பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். அலையில் குழந்தைக்கு வாந்தி வராதா? போகலாமா, ஒரு வயது ஆகட்டும் என்று விடலாமா?

பதில்: 12 ஜனவரி, இரவு

நான்கு மாதத்தில் ஏற்றவே மாட்டார்கள். பெரும்பாலான கப்பல்களில் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பல நாள் தொடர்ந்து கரை காணாமல் ஓடும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம். டிக்கெட் போடும் நாளில் இல்லை, ஏறும் நாளில் இந்த வயது இருக்க வேண்டும்.

நாங்கள் போன மாதம்தான் போய்வந்தோம். மாமனாருக்கு நவம்பரில் காரைக்குடியில் மணிவிழா. அது முடிந்த கையோடு டிசம்பரில் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். நான்கு இரவு, ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் என் மகள், அப்போது அவளுக்குப் பத்து மாதம்.

வாந்தியை நினைத்துப் பயப்பட வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயண வாந்தி வருவது அபூர்வம் என்று எங்கள் குழந்தை டாக்டர் முன்பே சொன்னார், அப்படியே இருந்தது. முதல் நாள் படுத்துவிட்டது என் மாமியார்தான். அயித்தைக்குச் சுக்கும் எலுமிச்சையுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் வாந்தி மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளமாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு.

நான் உங்களை எச்சரிக்க நினைப்பது தூளியைப் பற்றி. எங்கள் வீட்டில் பட்டாலை (கூடம்) உத்தரத்தில் கொக்கி போட்டு, மாமனாரின் அம்மாவான அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் தூளி. பிறந்த நாளிலிருந்து அதில்தான் தூங்கினாள். ஒருவர் ஆட்ட வேண்டும், ஆட்டுவது நின்றால் கண் திறந்துவிடும். கப்பல் அறையில் கூரை வழவழப்பான தகடு. கொக்கியும் இல்லை, வளையமும் இல்லை. சுவர் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ஒட்டும். அதில் துண்டு காயப்போடலாம், பிள்ளையைக் கட்ட முடியாது. முன்கூட்டியே கேட்டால் மடக்குத் தொட்டில் ஒன்று காசில்லாமல் தருவார்கள். நான்கு பக்கமும் வலை, அடியில் கெட்டியான மெத்தை. அது ஆடாது.

முதல் இரவு எட்டு மணிக்குப் போட்டோம். ஒன்றரை வரைக்கும் அழுகை. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த நீள நடைவழியில் நடந்தோம். எந்த அறைக் கதவு திறக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

13 ஜனவரி

இரண்டாவது இரவு எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தூளிச் சேலையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை நான்காக மடித்துத் தொட்டில் மெத்தையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, நுனிகளை அடியில் செருகினேன். போட்டதும் முகத்தை அந்தத் துணியில் இரண்டு தடவை தேய்த்தாள், கட்டை விரலை வாயில் வைத்தாள், தூங்கிப்போனாள். எண்ணெய் வாடையும் பால் வாடையும் ஊறிய சேலை அது.

13 ஜனவரி, சற்றுப் பிறகு

மேலே எழுதியதில் ஒன்று முக்கியம்: இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்வாகப் போட்டால் துணி சுருண்டு மூக்கை மூடும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் தொட்டிலுக்குள் வேண்டாம்.

16 ஜனவரி

பொங்கல் வேலை இன்றுதான் ஓய்ந்தது. வீட்டுக்காரர் முதல் குறிப்பைப் படித்துவிட்டு, தூளியை மட்டும் குற்றம் சொல்லாதே, மணியைப் பார் என்றார். அவர் சொல்வது சரி. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். கப்பலில் இரவு எட்டு என்றால் காரைக்குடியில் மாலை ஐந்தரை. ஐந்தரை மணிக்கு எந்தக் குழந்தை தூங்கும்? நாங்கள் அவளைப் படுக்க வைத்த நேரத்தில் வீட்டில் அவள் முகப்பில் உட்கார்ந்து தெருவில் போகும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் இரவு பத்தரைக்குத்தான் போட்டேன். சேலையும் உதவியது, மணியும் உதவியது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவே ஒரு வாரத்துக்குள் முடியும் பயணம் என்றால் குழந்தையை நம் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கப்பலில் இரண்டு பந்தி உண்டு, ஐந்தரை அளவில் ஒன்று, எட்டு அளவில் ஒன்று. குழந்தை இருக்கிறதே என்று நாங்கள் முதல் பந்தி கேட்டு வாங்கினோம். அப்போது நம்மூரில் மூன்று மணி, அவள் பகல் தூக்கம் தூங்கும் நேரம். தினமும் தூக்கத்தில் எழுப்பி, சிணுங்கலோடு மேசைக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் பந்தியே வாங்கியிருக்கலாம். புக்கெட்டில் கரை நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். திரும்பி ஏறும் நேரத்தைக் கப்பல் கடிகாரத்தில்தான் சொல்வார்கள், போன் தானாக மாறிக் குழப்பும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி

காகிதங்கள். இதில்தான் எங்களுக்கு அதிக நாள் போனது.

குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கியபோது பெயர் ஏறாமல்தான் வந்தது, பெயர் வைத்ததும் போய்ச் சேர்க்கவில்லை. பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் எடுக்க முடியாது. பிறந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. உங்கள் பிள்ளைக்கு நான்கு மாதம்தானே, இந்த வாரமே நகராட்சிக்குப் போய்விடுங்கள். இனிஷியலை விரித்து அப்பச்சி (அப்பா) பெயரை முழுதாக எழுதுங்கள், பெற்றோர் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்தில். எங்களுக்கு ஓர் எழுத்து மாறிப்போய் இரண்டு வாரம் அலைந்தோம். அதற்கு மேல் அம்மா, அப்பா இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, வெள்ளைப் பின்னணியில் கண் திறந்திருக்கும் படம். நம் சிவகங்கை மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்.

அப்புறம் விசா. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் சுற்றுலாவாகப் போகும் இந்தியர்களுக்கு இந்த 2025 ஜனவரியில் விசா வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கு வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருகிறது, அதாவது நீங்கள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். பல தடவை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் குழந்தை பெயரில் தனியாக இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள்.

அறையில் எத்தனை பேர் என்ற கணக்கில் குழந்தையும் ஓர் ஆள். உயிர்காப்புப் படகில் அவளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் அல்லவா. மூன்று பேர் அறையில் மூன்று பெரியவர்களோடு கைக்குழந்தையைச் சேர்க்க முடியாது.

27 ஜனவரி

ஆயாவின் பயத்தைப் பற்றி முதலில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன். அது ஒதுக்கிவிடக்கூடிய பயம் இல்லை. அவர்கள் வயதுக்காரர்களுக்குக் கப்பல் என்றால் எம்.வி. சிதம்பரம் ஞாபகம் இருக்கும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள்.

ஆயாவிடம் இதைச் சொல்லுங்கள்: கப்பல் புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் ஆபத்து நேரத்தில் கூடும் இடத்துக்குப் போய்ப் பதிவு செய்தாக வேண்டும். குழந்தையின் கையில் அந்த இடத்தின் எண் போட்ட பட்டை கட்டுகிறார்கள். ஒரு நாளுக்கு மேல் ஓடும் கப்பலில், ஏறியிருக்கிற ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் 15 கிலோவுக்குக் கீழே பொருந்துகிற உயிர்காப்புச் சட்டை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எங்கள் அறை அலமாரியில் பெரியவர்கள் சட்டை மட்டும் இருந்தது. அறை பார்த்துக்கொள்ளும் பையனிடம் கேட்டதும் பத்து நிமிடத்தில் சின்னச் சட்டை வந்தது. வாங்கி, ஒரு தடவை பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, பட்டையைச் சரிசெய்து வையுங்கள். கழுத்தைத் தாங்கும் பட்டை தடிமனாக இருக்கும், பிடிக்காமல் அழுவாள். பரவாயில்லை, அளவு தெரிந்துவிடும்.

எங்கள் அப்பத்தாவுக்கு 84 வயது. 1965-இல் என் மாமனாரைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர்கள். அவர்கள் கணவர், எங்கள் ஐயா, அங்கே ஒரு கடையில் கணக்குப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஆண்கள் மூன்று வருடக் கணக்குக்குத் தனியாகப் போவார்கள், பெண்கள் இங்கே வீட்டு வளவில் இருப்பார்கள். அப்பத்தா தலைமுறையில்தான் சிலர் கூடப் போனார்கள். ரஜூலாவின் மேல்தளத்தில் கயிறு கட்டித் தூளி போட்டுத் தூங்க வைத்தாராம். எங்கள் பயணத்துக்குத் தடை சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

2 பிப்ரவரி

திருத்தம். நேற்று இதை அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மேல்தளத்தில் இல்லை என்கிறார்கள். தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், ஆனால் ஐயா கைப்பிள்ளைக்காகக் கடன் வாங்கி அறை டிக்கெட் எடுத்திருந்தாராம். மேல் படுக்கையின் இரும்புக் கம்பியில் சேலையைக் கட்டி, கீழ்ப் படுக்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூளி தொங்கியது. அறுந்தாலும் மெத்தையில் விழட்டும் என்று. கிட்டத்தட்ட ஒரு வாரம் கடல். கூடவே உரைமருந்துக் கல்லும் வசம்பும் கொண்டுபோனார்கள். பேத்திக்கு வசம்பு வளையல் போட்டு அனுப்பியதும் அவர்கள்தான். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே அதைக் கழற்றி வைத்தேன். வாயில் வைத்துக் கடிக்கிறாள், விழுங்கினால் ஆபத்து. அப்பத்தாவிடம் அதைச் சொல்லியும்விட்டேன்.

2 பிப்ரவரி, மாலை

சாப்பாடு. பத்து மாதத்துக்கு நான் கொடுப்பது கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு சாதம், செவ்வாழை. கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைத்த மாவு அரைக் கிலோ கொண்டுபோனேன். ஏறும் இடத்துச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் செய்த உணவுப் பொருள் ஏற்றக் கூடாது, கடையில் வாங்கி முத்திரை உடைக்காத குழந்தை உணவும் பால் பவுடரும் ஏற்றலாம். இது பல கப்பல்களில் உள்ள விதிதான், நான் முன்பே படித்திருக்க வேண்டும். மின்சாரக் கெட்டிலும் அப்படியே. வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும் அன்று கொடுத்தார்கள். சில கப்பல்களில் அறையிலேயே கெட்டில் இருக்குமாம், எங்கள் அறையில் இல்லை. பிளாஸ்க் கொண்டுபோங்கள். கொதிநீர் கேட்டால் எந்த நேரமும் நிரப்பித் தருகிறார்கள்.

முதல் நாள் இந்திய உணவுப் பகுதியில் எல்லாவற்றிலும் மிளகாய், உப்பு. பரிமாறுகிறவரிடம், உப்பில்லாமல் வேகவைத்த பாசிப்பருப்பும் குழைந்த சாதமும் வேண்டும் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து ஒரு கிண்ணம் மூடி போட்டு எங்கள் மேசைக்கு வந்துவிட்டது. நெய் மட்டும் கிடைக்கவில்லை, வெண்ணெய் போட்டுப் பிசைந்தேன்.

12 பிப்ரவரி

நேற்றுத் தைப்பூசம். ஆண்கள் பழனிக்கு நடந்து போயிருக்கிறார்கள், வீடு அமைதி. பினாங்கில் கப்பல் நிற்கும் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது, இறங்கினால் ஊர். பினாங்கு தெருவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில் வீடு. பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் அங்கிருந்து தண்ணீர்மலை அடிவாரக் கோயிலுக்குப் போகும், அதைச் செட்டிப் பூசம் என்பார்கள். நாங்கள் போனது டிசம்பர், ரதம் பார்க்கக் கிடைக்கவில்லை. மாமனார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரைக் கைப்பிள்ளையாகக் கொண்டுவந்த ஊர். அங்கே எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை என்றார், ஆனாலும் எழுந்திருக்க மனம் இல்லை. குழந்தையோடு பினாங்கில் வேறு எங்கும் போக வேண்டாம், இது போதும். மடக்குத் தள்ளுவண்டி அந்த நடைபாதைகளில் உருளாது, இடுப்புத் துணியில் கட்டிக்கொள்ளுங்கள்.

3 மார்ச்

பால்கனி அறை எடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். குழந்தை தவழ்கிறாள் என்றால் வேண்டாம்.

3 மார்ச், இரவு

ஒற்றை வார்த்தையில் சொல்லியிருக்கக் கூடாது. கொழுந்தனார் அறையில் பால்கனி இருந்தது. மதியம் குழந்தை தூங்கும் நேரம் இருட்டறையில் சத்தம் போடாமல் இரண்டு மணி நேரம் உட்காருவது பெரிய பாடு. பால்கனி இருந்தால் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு வெளியே வெளிச்சத்தில், கடல் காற்றில் உட்காரலாம், பிள்ளை கண் முன்னால் இருப்பாள். அப்படி எடுத்தால் வெளியே இருக்கும் நாற்காலியை உள்ளே இழுத்துவிடுங்கள், பூட்டு மேலே இருக்கிறதா பாருங்கள்.

உண்மையில் எங்களைப் பதறவைத்தது பால்கனி இல்லை, குளியலறைக் கதவு. கப்பலில் குளியலறைக்கு ஏழெட்டு விரல் உயரத்தில் ஒரு வாசற்படி இருக்கும், தண்ணீர் வெளியே வராமல் இருக்க. தவழும் பிள்ளைக்கு அது பிடித்து எழுந்து நிற்க நல்ல உயரம். மூன்றாம் நாள் காலை அவள் இரண்டு கையையும் அந்தப் படியில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். கப்பல் லேசாகத் திரும்பியது. கனமான கதவு தானாக நகர்ந்தது. வீட்டுக்காரர் தன் முழங்கையைக் கொடுத்தார். அவருக்குத் தோல் கன்றிப்போனது, அவள் விரல் தப்பித்தது. அதற்கப்புறம் கதவில் ஒரு துண்டைக் கட்டிவைத்தோம், கதவு முழுதாக மூடாது. முதல் நாளே செய்யுங்கள்.

அந்தக் குளியலறையில் காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்ட இடமே இல்லை. மடக்கும் ரப்பர் தொட்டி கொண்டுபோனது நல்லதாயிற்று. நீச்சல் குளத்திலும் டயபர் போடும் வயதுக் குழந்தைகளை இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயபர் போட்டிருந்தாலும் கூட. சில கப்பல்களில் அவர்களுக்கென்றே சின்னத் தண்ணீர் இடம் உண்டு. கடல் பயணத்தில் தண்ணீரில் விளையாடலாம் என்று நினைத்து வாங்கின உடுப்பு அப்படியே பெட்டியில் திரும்பி வந்தது.

9 மார்ச்

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். கப்பலில் டாக்டர் உண்டு, பெரும்பாலும் பொது டாக்டர். கட்டணம் அதிகம், அறைக் கணக்கில் ஏறும். பயணக் காப்பீட்டில் குழந்தை பெயரும் கப்பல் பயணமும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். நம் டாக்டரிடம் எடைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு பாராசிட்டமால் எடுத்துப் போங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி இல்லை, சொட்டு மருந்து பல மடங்கு கெட்டி. சிரப்புக்கு எழுதின அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிவிடக் கூடாது. எது கொண்டுபோகிறீர்களோ அதற்கு எழுதி வாங்குங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி பரவினால் கைக்குப் பூசும் திரவம் போதாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். எல்லோரும் பிள்ளையைத் தூக்குவார்கள், எல்லோரையும் கழுவச் சொல்லுங்கள், மாமனாராக இருந்தாலும் சரி.

10 மார்ச்

ஒன்று எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. ஒன்பது பேர் போகிறோம், பிள்ளையைப் பார்க்க ஆளா இல்லை என்று ஏறினேன். முதல் இரண்டு நாள் நான் பார்த்தது அறைக் கூரையைத்தான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் கூட இருக்கிறார் என்று நினைத்தார்கள், கொழுந்தனார் மகன் பின்னால் ஓடவே இருவர் வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் நான் அழுதுவிட்டேன். மாமனார் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டுக் கோடு கிழித்து, ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை எழுதினார். தன் பெயரை முதலில் போட்டார், காலை ஆறிலிருந்து எட்டு. மிச்சம் இருந்த இரண்டு நாளும் சூரியன் எழும் நேரத்தில் தாத்தாவும் பேத்தியும் தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூங்கினேன். அந்தக் காகிதம் என் பர்சில் இருக்கிறது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அறை சில பெரிய கப்பல்களில் 6 மாதத்திலிருந்தே உண்டு, மணிக்கு இவ்வளவு என்று பணம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, முறைக் காகிதம் வந்த பிறகு.

20 மார்ச்

ஜூனில் போவதாக முடிவு செய்திருக்கிறீர்கள் என்று படித்தேன். அப்போது பிள்ளைக்கு ஒன்பது மாதம். தட்டம்மை ஊசி ஒன்பது மாதத்தில்தான் போடுவார்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட முடியுமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள், பயணம் என்றால் முன்கூட்டிப் போடலாமா என்று அவர் சொல்வார்.

ஜூனில் புக்கெட் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. எங்கள் கப்பல் படோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டது, சின்னப் படகில் மாறிக் கரைக்குப் போனோம். டிசம்பரிலேயே படகுக்கும் கப்பலுக்கும் நடுவே காலை எடுத்து வைக்கும்போது பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துத்தான் தாண்டினேன். பருவக்காற்றில் அலை பெரிது, இறங்குவதையே ரத்து செய்துவிடலாம். பினாங்கு மட்டும் போகும் மூன்று இரவுப் பயணம் இருந்தால் அதை எடுங்கள். துறையில் கட்டி நிற்கும், நேராக நடந்து இறங்கலாம்.

திருச்சியிலிருந்து விமானம் நான்கு மணி நேரம். இறங்கத் தொடங்கும்போது தாய்ப்பால் கொடுங்கள், காது அடைக்காது. ஏறும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது சிங்கப்பூர் போய்விடுங்கள்.

தூளியை மார்ச் கடைசியிலிருந்தே குறைக்கத் தொடங்குங்கள். முதலில் பகல் தூக்கம் மட்டும் தரையில், ராத்திரி தூளி. இரண்டு வாரம் கழித்து ராத்திரியும் தரையில். சேலையைத் துவைக்க வேண்டாம்.

22 மார்ச்

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு உங்கள் மகள் தூளிக்குப் போனாளா என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாள் போட்டோம். ஐந்து நிமிடம் ஆட்டினோம், எழுந்து உட்கார்ந்து இறங்க வேண்டும் என்று கையை நீட்டினாள். இப்போது பட்டாலையில் பாய் மேல் அதே கண்டாங்கியை விரித்துத் தூங்குகிறாள். கொக்கியில் அப்பத்தா வாழைத்தார் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.